பைலட்டுக்குக் கொண்டுபோன புளி உருண்டை

“…ஸ்டியரிங்க புடிக்கிறதுதான் கையி. வண்டிய ஓட்றது பயம், தம்பி. பயந்தவன் ஓட்டுனா, ஏறி ஒக்காந்தவன் பயப்படாம வரலாம். அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்கு இன்னா பயம்? அதுக்குப் பொண்டாட்டியா, புள்ளையா?”

ஜமுனாமரத்தூரில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்கிக்கொண்டிருந்தோம். இப்படிக் கேட்டவர் பாஷா பாய். வாணியம்பாடிக்காரர். லாரி அவருடையது, மூட்டைகள் என்னுடையவை. “ஆமாம் பாய்” என்று சொல்லிவிட்டு நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருந்தால், நாக்பூர் விமான நிலையத்தில் ஒரு ஜன்னலில்லாத அறையில் துப்பாக்கி வைத்திருந்த இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. நல்ல வாசகம் ஒன்று காதில் விழுந்துவிட்டால் அது சரியா தப்பா என்று பார்க்க மாட்டேன். அழகாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். அழகாக இருந்தால் போதும், அதை மலையடிவாரச் சந்தவாசலில் என் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் புளியோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புவேன். (புளிக்கு எடை உண்டு, வாசகத்துக்குக் கிடையாது. அதனால் அதை அள்ளி அள்ளிக் கொடுப்பேன்.) பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படிக்கவில்லை. நான் படித்ததெல்லாம் மலைக்காரர்கள் பேச்சிலும், பொட்டலம் கட்டும் பழைய பேப்பரிலும்தான்.

இந்தக் கதை புரிய வேண்டுமானால் எங்கள் மலைப்பாதையின் ஒரு சட்டத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுமை ஏற்றிய வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில், இடது சீட்டில் உட்காருகிறவன் தூங்கக் கூடாது. தூங்காமல் இருந்தால் மட்டும் போதாது, பேச வேண்டும். கேள்வி கேட்க வேண்டும். டிரைவருக்குக் கோபம் வருகிற மாதிரி ஏதாவது சொல்லியாவது அவரை விழிக்க வைக்க வேண்டும். “எடது சீட்டு தூங்குனா வண்டியே தூங்கும்” என்பது பாஷா பாய் வாசகம். கொண்டை ஊசி வளைவில் எவனும் தூங்க மாட்டான், மலை இறங்கி ரோடு நேரானதும்தான் கண் சொக்கும் என்பது இன்னொன்று.

அப்படியும் சொக்கினால் அதற்கு மருந்து, கொட்டை எடுத்த புளியில் கல் உப்பும் காய்ந்த மிளகாயும் வைத்து இடித்த உருண்டை. ஒன்றை வாயில் போட்டால் செத்தவனும் எழுந்து உட்கார்ந்து தண்ணி கேட்பான். பேச்சும் உருண்டையும் நம்மிடம் தாராளம் என்பதால் மலையில் எனக்கு இடது சீட்டுக்காரன் என்றே பெயர். மற்ற டிரைவர்கள்கூட, “சம்பத்த அனுப்புங்க, நேரா போய்ச் சேரலாம்” என்று கேட்பார்கள். நான் அதைப் பெரிய பட்டமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாஷா பாய் அன்றைக்கு விமானத்தைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய பிள்ளைகள் அவரையும் அவர் மனைவியையும் உம்ரா யாத்திரைக்கு அனுப்ப ஆசைப்பட்டார்கள். பாஸ்போர்ட் எல்லாம் எடுத்தாயிற்று. பாய்தான் இழுத்துக்கொண்டே இருந்தார். மக்கா மேல் அவருக்கு உயிர். இடையில் இருந்த ஆகாயம்தான் பிரச்சினை. எங்கேயோ வெளிநாட்டில் விமானத்தின் கம்ப்யூட்டர் தானாக ஒரு முடிவெடுத்து, ஓட்டுகிறவர் ஒரு பக்கம் இழுக்க அது ஒரு பக்கம் இழுத்தது என்று நான்தான் பேப்பரில் படித்து அவருக்குச் சொன்னேன். (பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் படித்துவிடுகிற பழக்கம். படிக்காமல் கட்டியிருக்கலாம்.) அதற்குப் பதிலாக அவர் சொன்னதுதான் முதலில் நீங்கள் கேட்டது.

அதன் பிறகு நான் ஒரு பெரிய விமான நிபுணராக ஆகிவிட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பேன்: “பேங்க்ல சர்வர் டவுனு, நாளைக்கு வான்றான். நாமளும் நாளைக்குப் போறோம். மேல போய் சர்வர் டவுனான்னா எங்க நின்னுக்கினு நாளைக்கு வர்றது?” ரேஷன் கடையில் விரலை வைத்தால் அந்த மெஷின் என்னை ஆளே இல்லை என்கிறது. புளி பிசைந்து பிசைந்து ரேகை தேய்ந்து போயிருந்தது. இத்தனை வருஷமாகச் சந்தவாசலில் இருக்கிற சம்பத்தையே கண்டுபிடிக்க முடியாத பொட்டிக்கு, மேகத்துக்குள்ளே வழி தெரியுமா என்பேன். கூட்டம் சிரிக்கும். கூட்டம் சிரித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு நாள் வந்தது. என் அக்கா மகள் பவானிக்கு நிச்சயதார்த்தம். பவானி சந்தவாசலில் படித்து, வேலூரில் என்ஜினீயரிங் முடித்து, பெங்களூரில் வேலைக்குப் போனவள். என்ன வேலை என்று கேட்டால், விமானத்தில் வைக்கிற கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற வேலை என்பாள். கூட வேலை செய்கிற பையனையே பிடித்துப் போயிற்று. அவன் நாக்பூர்க்காரன். நல்ல பையன், நம் ரசத்தைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டவன். அவனுடைய அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்ததால் கல்யாணத்தை நாக்பூரில் வைப்பது என்று முடிவானது.

சாப்பாட்டுப் பந்தியில் யாரோ, “மாமா ஃப்ளைட்லதான் வருவாரு” என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு மேடை கிடைத்தால் போதாதா? சர்வர் டவுன், ரேஷன் மெஷின், பொண்டாட்டி இல்லாத பொட்டி எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். பந்தியே குலுங்கியது. கடைசியாக, “என் அக்கா பொண்ணு செக் பண்ண பொட்டின்னாலும் நான் ஏறமாட்டேம்பா” என்று முடித்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பவானி மட்டும் சிரிக்கவில்லை. சாம்பார் வாளியோடு நின்றவள் எனக்கு ஊற்றாமலே அடுத்த இலைக்குப் போய்விட்டாள். சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து மலைச் சந்தைக்கு வந்த பெண். அந்த மலையடிவாரத்திலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள். அவள் வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நூறு பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன் என்பது, வெறும் சோற்றைப் பிசையும்போதுதான் உறைத்தது.

போகும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “எதுல வேணா வா மாமா. மாட்டு வண்டில வா. ஆனா நீ வந்து பட்டம் கட்டாம நான் மணைல ஒக்கார மாட்டேன்.”

பட்டம் என்றால் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் கட்டுகிற பொன்தகடு. தாலிக்கு முன்னால் அது. வேறு யாரும் கட்ட முடியாது, தபாலில் அனுப்ப முடியாது. தாய்மாமன் கை வர வேண்டும், கையோடு சேர்ந்து தாய்மாமனும் வர வேண்டும்.

அக்கா குடும்பம் ரயிலில் முன்னாலேயே போய்விட்டது. எனக்குப் புளி சீசன். அதனால் நானும் என் மனைவி ஜெயாவும் முகூர்த்தத்துக்கு முன்னால் போய்ச் சேருகிற மாதிரி ரயிலுக்குப் பதிவு செய்திருந்தோம். நாங்கள் கிளம்ப வேண்டிய அன்று வடக்கே மழையில் தண்டவாளம் போய், ரயில் ரத்து என்று போனில் செய்தி வந்தது. நான் அந்தச் செய்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அடுத்த செய்தி வந்தது. பவானி அனுப்பியது. இரண்டு விமான டிக்கெட். கல்யாணத்தன்று காலையில் சென்னையில் ஏறினால் உச்சி வேளைக்குள் நாக்பூர். மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி முகூர்த்தம் சாயங்காலம். டிக்கெட்டுக்குக் கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஜெயா, “இன்னாங்க, பொட்டி வேணாமா, பொண்ணு வேணாமா?” என்றாள். என் மனைவி அதிகம் பேச மாட்டாள். வீட்டுக்கு ஒரு ஆள் போதும் என்று விட்டுவிட்டவள்.

நான் சட்டை உள்பையில் பட்டத்தை வைத்துச் சேஃப்டி பின் குத்திக்கொண்டேன். கைப்பையில் வழிக்குப் புளி உருண்டை எடுத்துக்கொண்டேன். மலைக்குப் போனாலும் நாக்பூருக்குப் போனாலும் பழக்கம் பழக்கம்தான்.

விமானத்தில் ஏறுகிற வரைக்கும் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். பெல்ட் மாட்டத் தெரியாமல் ஜெயாவின் பெல்ட்டையும் என்னுடையதையும் சேர்த்து மாட்டியதைத் தவிர. (மேலே போகும்போது ஒன்றாகவே போகலாம் என்று மாட்டியதாக அவளிடம் சமாளித்தேன்.) விமானம் ஓடிக் கிளம்பியபோது எனக்குத் தெரிந்த சாமிகள், பாஷா பாய்க்குத் தெரிந்த சாமி, பெயர் தெரியாத மலைச்சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டேன். மேலே ஏறியதும் ஆட்டம் நின்று, கண்ணாடி மேல் வழுக்குகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் தைரியம் வந்தது. தைரியம் வந்தால் வாய் வரும். எனக்கு இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சென்னைக்காரர், அடிக்கடி பறக்கிறவர்.

“நல்லாத்தான் ஓட்றாருங்க இந்த டிரைவரு” என்றேன்.

அவர் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னார், “மேல வந்துட்டா அவருக்குப் பெருசா வேல கெடயாதுங்க. பெரும்பாலும் கம்ப்யூட்டரே ஓட்டும். அவங்க பாத்துக்கினு சும்மா ஒக்காந்திருப்பாங்க.”

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. புளி வியாபாரி சொல்கிறேன், நம்புங்கள்.

சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான் யோசித்தேன். வளைவு இல்லை. குறுக்கே மாடு இல்லை. எதிர்வண்டி இல்லை. ரோடு என்றால் இதுதான் உலகத்திலேயே நேரான ரோடு. காலை டிபன் சாப்பிட்டிருப்பார். முகத்தில் வெயில். காதில் ஒரே மாதிரி ஓர் உறுமல் சத்தம். கை வேலையும் பொட்டியிடம் போய்விட்டது. இந்த நிலைமையில் மனுஷன் தூங்காமல் என்ன செய்வான்? பாஷா பாயே தூங்கிவிடுவார். பொட்டிக்குப் பயம் கிடையாது, பயம் இருக்கிற மனுஷனோ தூங்கிக்கொண்டிருப்பான். அப்படியானால் இந்த நிமிஷம் இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு பயமே இல்லாத வண்டி ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அதில் என் பெண்டாட்டி இருக்கிறாள். பவானியின் பட்டம் இருக்கிறது.

அதே வண்டியில், மலையிலேயே பெயர்பெற்ற இடது சீட்டுக்காரன் ஒருவன் பின்னால் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறான்.

பெல்ட்டைக் கழற்றினேன். ஜெயா என் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம். “இன்னா பண்ணப் போறீங்கன்னு தெரியல. ஆனா அத பண்ணாதீங்க” என்றாள். நான், சும்மா காலை நீட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தேன்.

முன்னால் ஒரு விமானப் பணிப்பெண் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக் கழிவறையைக் காட்டினாள். நான் அது இல்லை என்று தலையாட்டி, அதற்கடுத்த கதவைக் காட்டினேன். அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவளுக்குத் தமிழ் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த வேற்று பாஷை, லாரியில் பாஷா பாயிடம் கற்ற உருது மட்டும்தான். அதிலும் டயர், ஜாக்கி, டீ சம்பந்தப்பட்ட வார்த்தைகள்தான் அதிகம். இருந்ததை வைத்துக்கொண்டு, டிரைவர் தூங்கிவிடுவார், நான் உள்ளே போய்ப் பேசுகிறேன், இதை அவருக்குக் கொடுக்கிறேன் என்று ஒரு மாதிரி சொல்லி, கையைத் திறந்து காட்டினேன்.

அவள் இடத்தில் நின்று பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு மீசைக்காரன். வியர்த்த முகம். உள்ளே போய் ஓட்டுகிறவரிடம் பேச வேண்டும் என்கிறான். உள்ளங்கையில் கறுப்பாக, பிசுபிசுப்பாக, காகிதம் சுற்றிய ஓர் உருண்டை.

அத்தோடு நான் திரும்பியிருந்தால்கூட மன்னிப்பு கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பெண் போனை எடுத்த நேரத்தில், நான் கையை எட்டி, லாரி டாப்பில் தட்டுகிற மாதிரி அந்தக் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, “அண்ணா, முழிச்சிக்கினுகிறீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பின்னாலிருந்து ஒரு பணியாளர் ஓடி வந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து பயில்வான் மாதிரி ஒருவர் யாரும் கேட்காமலே எழுந்தார். உருண்டை என் கையிலிருந்து ஏதோ தேள் மாதிரி எடுக்கப்பட்டு ஒரு பைக்குள் போனது. என்னை ஓர் ஓர சீட்டில் உட்கார வைத்தார்கள். பயில்வான் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடம் அவருக்கு எந்த ஊர் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் வாழ்க்கையிலேயே பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் எனக்குப் பதில் சொல்லாத பயணம் அது ஒன்றுதான். திரும்பி ஜெயாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, தான் தனியாக வந்த பெண்மணி என்பது போல மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாக்பூரில் எல்லாருக்கும் முன்னால் என்னை இறக்கினார்கள். மரியாதை என்று நினைக்க ஆசைதான்.

அந்த ஜன்னலில்லாத அறையில் என் இரண்டு பக்கமும் துப்பாக்கிக்காரர்கள், எதிரே ஓர் அதிகாரி. மேஜை மேல் என் புளி உருண்டை. ஏதோ கருவியை அதன் மேல் காட்டிக் காட்டிப் பார்த்தார்கள். பின்னைக் கழற்றிப் பட்டத்தையும் எடுத்து மேஜையில் வைத்தார்கள். என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. பயத்தில் நான் சொன்ன ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்துவிட்டது: என் அக்கா மகள்தான் இந்த விமானக் கம்ப்யூட்டர்களை எல்லாம் சோதிக்கிறவள். நல்ல பெயர் வாங்கத்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் இன்னொருவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சுவரில் ஒரு கடிகாரம். அது போன வேகத்தைப் பார்த்தால் அதையும் ஏதோ கம்ப்யூட்டர்தான் ஓட்டியிருக்க வேண்டும். சாயங்காலம் முகூர்த்தம். பட்டம் மேஜை மேல். தாய்மாமன் நாற்காலியில். மணையில் உட்கார மாட்டேன் என்று சொன்ன பெண் சொன்னதைச் செய்கிறவள் என்று எனக்குத் தெரியும், நான்தான் வளர்த்தேன். அன்றைக்குத்தான் என் வாய் முதல்முறையாகத் தானாக மூடிக்கொண்டது.

கதவு திறந்தபோது பவானி நின்றிருந்தாள்.

முகமெல்லாம் மஞ்சள். கையில் மருதாணி. ஒரு கையில் ஆபீஸ் அடையாள அட்டை. ஜெயா வெளியிலிருந்து போன் செய்திருக்கிறாள். நலங்கு வைத்த பெண் வாசப்படி தாண்டக் கூடாது என்று அக்கா குறுக்கே நின்று அழுததாகவும், இவள் அக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து ஆட்டோ ஏறியதாகவும் பிறகு தெரிந்தது. என்னை அவள் பார்க்கவே இல்லை. நேராக அதிகாரியிடம் போய் இந்தியில் பேச ஆரம்பித்தாள். மலைப்பாதை, லாரி, இடது சீட்டு எல்லாவற்றையும் கையால் வளைத்து வளைத்துக் காட்டிச் சொன்னாள். தலை சாய்ந்து தூங்குகிற டிரைவர் மாதிரி நடித்தாள். அதிகாரியின் மீசை லேசாக ஆடியது. கடைசியில் அவள் மேஜை மேலிருந்த உருண்டையில் கொஞ்சம் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டு, மீதியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவரும் ஒரு துளி கிள்ளிப் போட்டார். அவருடைய கண்கள் இரண்டும் அகலத் திறந்தன. பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, அறையே சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னிடம் நிதானமாகப் பேசினார். பவானி மொழிபெயர்த்தாள். அந்தக் கதவைத் தட்டுவது விளையாட்டு இல்லை, அந்தப் பெண் எவ்வளவு பயந்திருப்பாள் தெரியுமா என்று கேட்டார். அதுவரை நான் அதை நினைக்கவே இல்லை. ஊரையெல்லாம் காப்பாற்றப் போனவன் ஒரு பெண்ணை நடுங்க வைத்திருக்கிறேன். வெளியில் நின்றிருந்த அந்தப் பணிப்பெண்ணிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். எழுதி வாங்கிக்கொண்டு, கொஞ்ச காலத்துக்கு அந்தக் கம்பெனி விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லி, பட்டத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். (எனக்குக் கிடைத்த தண்டனைகளிலேயே நான் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது.)

ஆட்டோவில் நான் நடுவில், ஒரு பக்கம் ஜெயா, ஒரு பக்கம் மஞ்சள் பூசிய கல்யாணப்பெண். நேர் ரோடு. ஆட்டோக்காரர் தூங்கிவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பவானிதான் கேட்டாள், என்னதான் பயம் மாமா உனக்கு என்று. நான் பாஷா பாய் வாசகத்தைச் சொன்னேன். வண்டியை ஓட்டுவது பயம், பொட்டிக்குப் பயம் இல்லை. இந்த முறை சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அவள் அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள், உருண்டை மாதிரி.

“பாய் சொன்னது சரிதான் மாமா. பொட்டிக்குப் பயம் கெடயாது. அதனாலதான் எங்கள வேலைக்கு வெச்சிக்கிறாங்க. பகலெல்லாம் நான் இன்னா செய்றேன்னு நெனக்கிற? பயப்பட்றேன். இந்த ஒயரு அறுந்தா இன்னா ஆவும், அந்த மீட்டரு பொய் சொன்னா இன்னா ஆவும், ஓட்றவரு ஒன்னு நெனச்சி பொட்டி வேற நெனச்சா யாரு பேச்ச யாரு கேக்கணும், இப்டியே பயந்துக்கினே இருக்கணும். பயந்தத ஒன்னொன்னா வெச்சிப் பாக்கணும். அதுக்குத்தான் சம்பளம்.”

“எல்லாத்தயும் பயந்து முடிச்சிட்டீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா. முடிச்சிட்டோம்னு எவனாச்சும் சொன்னா, அவன் செஞ்சதுல ஏறாத.” பிறகு என் பக்கம் திரும்பினாள். மஞ்சள் காய்ந்து கன்னத்தில் கோடு விழுந்திருந்தது. “உள்ள ஓட்றவங்களும் ரெண்டு பேரு. ஒருத்தரு தூங்காம இன்னொருத்தரு பாத்துப்பாரு. உன்ன மாதிரி ஆளுங்க அங்க முன்னாடியே இருக்கிறாங்க மாமா. எங்க ஆபீஸ்ல நான்தான் எடது சீட்டு.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை மஞ்சள் என் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் பட்டம் கட்டினேன். முகூர்த்த அவசரத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சரிசெய்யப் போன புகைப்படக்காரரை, “இருக்கட்டும் வுடுங்க, எங்க மாமா ஃப்ளைட்ட புடிச்சிக்கினு வந்து கட்டுனது” என்று பவானியே தடுத்துவிட்டாள். கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் மணப்பெண் நெற்றியில் பட்டம் இடது பக்கமாகச் சாய்ந்தே இருக்கிறது. வீட்டில் அதற்கு “எடது சீட்டுப் பட்டம்” என்று பெயர். குடும்பத்தில் யார் எந்த வண்டியில் ஏறினாலும், ஊஞ்சலில் ஏறினாலும்கூட, “மாமா, போய் டிரைவர் முழிச்சிக்கினுகிறாரா பாத்துட்டு வா” என்பார்கள். ஜெயா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அன்றைக்கு மேகத்தைப் பார்த்த மாதிரி பார்ப்பாள். அதுதான் எல்லாவற்றையும்விடச் சுடும்.

ஊர் திரும்பிய முதல் லோடில் பாஷா பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைத் தட்டிய இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் பவானி ஆட்டோவில் சொன்னதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, “அந்தப் பொட்டிக்காக ஒரு பொண்ணு ஒக்காந்து பயப்பட்தா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வளைவில் மறுபடியும் அதையே கேட்டார். அதற்கப்புறம் பல நாள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. (நான் எடுக்காமல் விட்ட ஒரே பேச்சு.)

போன வருஷம் ஒருநாள் காலையில் கடையில் புளி நிறுத்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன். பின்னால் கூட்டத்தின் சத்தமும் ஓர் உறுமலும் கேட்டது.

“தம்பி, ஏறி ஒக்காந்துட்டேன். பொண்டாட்டி ஜன்னல் பக்கம் ஒக்காந்துகிறா. மக்காவுக்குத்தான். கதவு இன்னும் சாத்தல. கையி நடுங்குது. இப்ப நீதான் எடது சீட்டு, பேசு.”

சட்டம் சட்டம்தான். பேசினேன். இந்த வருஷப் புளியில் கொட்டை அதிகம் என்றேன். மலையில் மழை பெய்து ரோட்டோரம் மண் சரிந்ததைச் சொன்னேன். அவர் இல்லாததால் வேறு லாரிக்காரன் இடது சீட்டில் என்னைத் தூங்கச் சொல்கிறான், அக்கிரமம் என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார். நடுவே ஒரு பெண் குரல் போனை அணைக்கச் சொன்னது கேட்டது.

“போதும் தம்பி, வெச்சிட்றேன்” என்றார். ஆனால் உடனே அணைக்கவில்லை. பையிலிருந்து காகிதம் பிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு பாஷா பாய், இத்தனை வருஷமாக என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டிய மனிதர், தன் இன்னொரு பக்கத்து சீட்டுக்காரரிடம், ஒரு புளி உருண்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, அவருக்கு எந்த ஊர் என்று கேட்டார்.